போவதா, இருப்பதா?

வேலைக்குச் சேரும்போதும் கல்யாணம் பேசும்போதும் "தேவசித்தம் என்ன?" என்று கேட்டு ஜெபிக்கிறோம். வயதான பிறகு அந்தக் கேள்வி இன்னும் கடினமாக வருகிறது. பிள்ளைகளிடம் போய்விடுவதா, சொந்த ஊரிலேயே இருப்பதா? என் வயதுக்காரர்கள் பலர் இதே கேள்வியோடுதான் காலையில் எழுந்திருக்கிறார்கள்.

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டை வீட்டில் நான் ஒருவன்தான். மகன் பெங்களூரில் இருக்கிறான். "வீட்டை வித்துட்டு வந்துடுங்கப்பா" என்று வாராவாரம் போன் செய்வான். அடுத்த தெருவில் என் அக்கா இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை, கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது.

புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். ஆபிரகாமைத் தன் தேசத்தைவிட்டுப் புறப்படச் சொன்ன வசனம் எனக்கு வந்தது. மகனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாப்பா, ஆண்டவரே சொல்லிட்டாரு!" என்றான். அக்காவுக்கு வந்ததோ, தேசத்தில் குடியிருந்து நன்மை செய்யச் சொல்லும் சங்கீதம். அவள் சிரித்துக்கொண்டே, "ஏலே தம்பி, ஒரே டப்பாக்குள்ள ரெண்டு பேருக்கு ரெண்டு வழியாலே?" என்றாள்.

அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். பவுல் ஆசியாவில் வசனம் சொல்லப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் தடை. துரோவாவில்தான் மக்கெதோனியா தரிசனம் கிடைத்தது. தரிசனம் கண்டவர் ஒருவர். ஆனால் அதன் பொருளை நிச்சயித்தது யார் என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் "நாங்கள்" என்ற வார்த்தை வருகிறது. கூட இருந்தவர்களும் சேர்ந்துதான் முடிவுக்கு வந்தார்கள்.

நம் மாவட்டத்து டோனாவூரையும் நினைத்துக்கொண்டேன். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893இல் ஜப்பானுக்குப் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு திருநெல்வேலிச் சீமையில் சில பெண்களோடு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தார். 1901இல் தேவதாசியாக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள். ஊர் ஊராகப் போனவர் குழந்தைகளுக்காக ஒரே இடத்தில் தங்கிவிட்டார். 1931இல் கீழே விழுந்தபின், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். முழு வழியும் அவருக்கு முன்கூட்டியே காட்டப்படவில்லை. எதிரே வந்து நின்ற பிள்ளையைப் பார்த்தே அடுத்த அடி வைத்தார்.

என் எதிரே நிற்பது யார்? மகனுக்கு நல்ல மனைவி, நல்ல சம்பளம். பேத்திக்குத் தாத்தா வேண்டும், அது உண்மை. ஆனால் நான் போனால் அக்காவுக்கு யாருமில்லை. மகனையும் அக்காவையும் ஐயரவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினேன். "நீ போ தம்பி, நான் எப்படியாவது இருந்துக்குவேன்" என்றாள் அக்கா. அந்த "எப்படியாவது" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. அவள் இருக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

மகனுக்கு மனவருத்தம். இரண்டு வாரம் போனில் சுருக்கமாகத்தான் பேசினான். எனக்கும் இரவில் தூக்கமில்லை. தேவசித்தத்தின்படி நடந்தால் யாருக்கும் வலிக்காது என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லையே. பள்ளி விடுமுறைக்குப் பேத்தியை அழைத்துவருவதாக இப்போது சொல்லியிருக்கிறான்.

நாளை நிலைமை மாறினால் இதே கேள்வியை ஆண்டவரிடம் மறுபடியும் கேட்பேன். இப்போதைக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவின் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டு, ஒரு அதிகாரம் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படி இரண்டு வழிக்கு நடுவில் நிற்கிறவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.