ஒலியைப் பங்கிடல்

ஒரே கருவி எல்லா ஒலியையும் செவ்வனே எழுப்ப வல்லதன்று. இளஞ்செவி உணரும் ஒலி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கின்றது. முழவின் அதிர்வை எழுப்பப் பரந்த கூம்பு பெரிதும் அசைதல் வேண்டும். தாளத்தின் கிண்ணொலியை எழுப்பச் சிறிய சவ்வு விரைந்து துடித்தல் வேண்டும். ஆதலின் கார்களில் சப்வூபர், கதவு ஒலிபெருக்கி, ட்வீட்டர் என மூவகைக் கருவிகளை அமைத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய ஒலியைப் பங்கிட்டளிக்கின்றனர். இப்பங்கீட்டைச் செய்வதே கிராஸ்ஓவர் என்னும் வடிகட்டி.

சென்ற விடுமுறையில் என் மாமாவின் காரில் இப்பணியைச் செய்யும் வாய்ப்பு எனக்கு நேர்ந்தது. மாமா அதிர்வொலியிற் பெருவிருப்புடையவர். அவருடன் செல்லும் என் பாட்டனாரோ தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது ஆண்டு கடந்தவர். "தம்பி, பாட்டுக் கேட்கிறது, சொல் கேட்கவில்லையே" என்று அவர் கூறியது என் உள்ளத்திற் தைத்தது. சொல்லுக்காகவே வாழ்ந்த ஒருவர்க்குச் சொல் கேளாதொழிதல் சிறு குறையாமோ?

காரணம் ஆராய்ந்தேன். முதுமையில் உயர்ந்த ஒலிகளே முதற்கண் செவிக்கு எட்டாதொழியும். உயிரெழுத்துகளின் வலிமை பெரிதும் தாழ்ந்த பகுதியிலும், சகரம் போன்ற மெய்களின் அடையாளம் உயர்ந்த பகுதியிலும் உள்ளன. தொல்காப்பியத்துப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும். அவை மறையும் இடத்தை யான் அவ்வண்டியிற் கண்டேன். பெருத்த தாழொலி மெல்லிய உயரொலியை மூடிவிடுகின்றது. அன்றியும், கதவு ஒலிபெருக்கிகள் தம்மால் இயலாத தாழொலியையும் சுமந்து நின்றன. ஒலியின் வலிமை குறையாமல் அதிர்வெண் பாதியாக வேண்டுமாயின், கூம்பின் அசைவு நான்கு மடங்காதல் வேண்டும். அங்ஙனம் தத்தளிக்கும் கூம்பிற் பாடுவோர் குரலும் கலங்குதல் இயல்பே.

ஆகவே 80 ஹெர்ட்ஸை எல்லையாக்கினேன். அதன் கீழுள்ளவற்றைச் சப்வூபருக்கும், மேலுள்ளவற்றைக் கதவுகளுக்கும், 3,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை ட்வீட்டருக்கும் அளித்தேன். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், ஆதலின் அது வண்டியின் பின்புறமிருந்து வருதலைச் செவி எளிதில் அறியாது. இவ்வெல்லை சுவர்போல் நிற்பதன்று, சரிவுபோல் இறங்குவது. 1976ஆம் ஆண்டில் லிங்க்விட்ஸ் என்பார் விளக்கியதும், ரைலி என்பார் பெயரும் சேர்ந்து வழங்குவதுமாகிய முறையில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் குறையும். எல்லையில் இரு கருவிகளும் 6 டெசிபல் தாழ்ந்து, ஒன்றுகூடுங்கால் முழு ஒலியாகின்றன. கம்பிகள் தலைமாறினாலோ ஒன்றை மற்றொன்று அழிக்கும். ஆதலின் இருவகையிலும் இணைத்துக் கேட்டு, ஒலி நிறைந்த முறையையே கொண்டேன். இறுதியிற் குரல் மேம்படுமளவும் சப்வூபரின் வலிமையைத் தாழ்த்தினேன்.

மாமாவின் முழவு அடங்கியதேயன்றி அழிந்திலது. பாட்டனார் பாட்டின் சொற்களுட் பலவற்றைத் தாமும் தொடர்ந்து முணுமுணுத்தார். சில இன்னும் அவருக்கு எட்டவில்லை. முதுமை கவர்ந்ததை எக்கருவியும் முற்றிலும் மீட்டுத் தாராது. எனினும், எஞ்சியிருப்பதைப் பிறவொலி மூடாது காத்தல் நம்மால் இயலும். ஆதலின் ஒலியமைக்கப் புகும் நண்பர்கள், தம் செவிக்கு இனிமை தேடுமுன், உடன் அமர்ந்திருக்கும் முதியோரை "என்ன கேட்கிறது?" என்று ஒருமுறை வினவுவாராக.