இரண்டு ஊசியும் ஒரு நூலும்

கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிப்பவர்க்கு ஒரு குறை உண்டு. காலை முதல் மாலை வரை உழைத்தாலும், ‘இது நாம் செய்த பொருள்’ என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இராது. குறிப்பு எழுதுவோம், மேலதிகாரி திருத்துவார், அவர் திருத்தியதை அவருக்கு மேலுள்ளவர் திருத்துவார். மத்திய அரசு அலுவலகத்தில் 20 ஆண்டுகள் எழுத்தராக இருந்த பின் நமக்கும் அக்குறை தோன்றியது. அதைத் தீர்க்க நாம் மேற்கொண்ட பொழுதுபோக்கு தோல்வேலை. கேட்ட நண்பர்கள் சிரித்தார்கள். வீட்டிலோ எவரும் சிரிக்கவில்லை.

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் பலரும் ஒருமுறையேனும் சாந்திநிகேதன் சென்றிருப்பர். திரும்பும்போது பூவேலை அழுத்திய தோற்பை ஒன்று கையில் இருக்கும். தாகூரின் மைந்தர் ரதீந்திரநாதரும் அவர் துணைவியார் பிரதிமா தேவியும் அங்கே வளர்த்த கலை அது. அத்தகைய பையொன்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான், ‘இதை நாமே செய்தால் என்ன?’ என்னும் ஆசை எழுந்தது.

சீனர்களின் காலணிக் கடைகளுக்குப் பெயர்போன பெண்டிங்க் தெருவை அடுத்த சந்தொன்றில், தோல் விற்கும் கடையை நாடினோம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள் என்பதே நமக்குப் புதிய செய்தி. கடைக்காரர் இரண்டு வகைகளை விரித்தார். ஒன்று குரோம் உப்பால் பதனிட்டது. மெத்தென்று துணிபோல் மடிந்தது. மற்றொன்று மரப்பட்டையால் பதனிட்டது. வெளிர்ப் பழுப்பு நிறமும் விறைப்பும் உடையது. “வேலை பழகுவோர்க்கு இதுதான் ஏற்றது, மதராஸ் சரக்கு” என்றார்.

நாம் திகைத்து நின்றோம். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயால் முடித்து, புங்க எண்ணெய் தடவி எடுத்த தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரோடு கடல் கடந்து சென்றது. இன்று வேறு பட்டைகளும் பயன்படுகின்றன. எனினும் அத்தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூவைக் கையில் எடுத்த நாம், அதன் பட்டையின் பெருமையைக் கொல்கத்தாவின் சந்தொன்றில் வந்தே அறிந்தோம்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. கூரிய கத்தி, எஃகு அளவுகோல், கவராயம், வரிசையாகத் துளையிடும் பல் வைத்த உளி, குத்தூசி, மரச்சுத்தி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, தேன்மெழுகு தேய்த்த நூல் ஆகியவை போதும். முதற்பணியாகக் கண்ணாடிக் கூடு ஒன்றைத் தேர்ந்தோம். 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலை அளந்து வெட்டினோம். வளைவில் கத்தி சறுக்கியது. விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோடிட்டுத் துளையிட்டோம், துளைகள் கோணின. குறிப்பில் பிழை நேர்ந்தால் அடித்து எழுதலாம். தோலில் ஒருமுறை விழுந்த துளை விழுந்ததுதான். மூன்று கூடுகள் பாழாயின.

இதற்கிடையே அன்னையார் ஓர் ஆணை பிறப்பித்தார்: “அந்தக் கையோடு அடுக்களைப் பக்கம் வராதே. பூசை அலமாரி இருக்கும் கூடத்திலும் வேண்டாம்.” ஆதலின் நம் தொழிற்சாலை பால்கனியில் அமைந்தது.

நாம் அன்றாடம் ஏறி இறங்கும் மெட்ரோ நிலையத்தின் வாயிலருகே பீகாரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் செருப்புத் தைக்கிறார். 11 ஆண்டுகளாக அவரிடம் நம் காலணிகளைச் சீர்செய்து வந்துள்ளோம். ஆயினும் அவர் பெயரை நாம் கேட்டதில்லை. ‘மோச்சி’ என்று அழைப்போம். செருப்பைக் காலாலேயே அவர் முன் தள்ளுவோம். காசை அவர் கையில் தராமல் பெட்டியின் மேல் வைப்போம். இவ்வாறு நடப்பதாக நாம் உணர்ந்ததுகூட இல்லை. பாழான கூட்டை அவரிடம் காட்டி வழி கேட்க நின்ற அன்றுதான், எப்படி அழைப்பது என்று தெரியாமல் தயங்கினோம். “சாச்சாஜி” என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாபு, கத்தியை நிறுத்துங்கள், தோலைத் திருப்புங்கள்” என்றார். ‘ராம்பி’ என்னும் அகன்ற வாயுளியால் விளிம்பின் அடிப்புறத்தைச் சீவி, தடிப்பைப் பாதியாக்கிக் காட்டினார். அப்போதுதான் இரு தோல்களும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாம். செருப்புக்குக் கொக்கி ஊசியால் தைக்கும் அவர், கூட்டுக்கு இரண்டு ஊசித் தையலே சிறந்தது என்றார். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, இரு முனைகளிலும் ஊசி கோக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைய வேண்டும்; எந்த ஊசி முதலில் நுழைகிறதோ, அதுவே இறுதிவரை முந்த வேண்டும்; இல்லையேல் தையல் வரிசை கோணும். முடிவில் இரண்டு தையல் பின்னோக்கி வந்து நூலை அறுக்க வேண்டும். பொறித் தையலில் ஓர் இழை அறுந்தால் வரிசையே நெகிழும். இத்தையலில் ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறம் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் கூடு ஒருவாறு நிறைவுற்றது. விளிம்பில் நீர் தொட்டு வழவழப்பான மரக்கட்டையால் அரை மணி தேய்த்தபோது, பட்டையால் பதனிட்ட அத்தோல் மெருகேறி மின்னியது.

அந்த நாட்களில் ஒரு மாலை, அன்னையார் பேரனுக்கு நந்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்புன்கூரில் நந்தி விலகிய இடம் வந்ததும் வழக்கம்போல் அவர் கண்கள் கலங்கின. “நந்தனார் கோயிலுக்கு என்ன கொடுத்தார், பாட்டி?” என்று சிறுவன் கேட்டான். அன்னையார் விடை கூறவில்லை, நாம் கூறினோம். பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அவர் கொடுத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. கொடுத்தவர் வெளியே நின்றார். அன்னையார் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். சில நாள் கழித்துப் பால்கனியில் சாரல் அடித்தபோது, “ஏன் நனைகிறாய்? கூடத்தில் வந்து உட்கார்” என்றார். அவ்வளவே.

கூட்டைப் பெரியவரிடம் காட்டினோம். தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டி, நன்று என்று தலையசைத்தார். மகிழ்ச்சியில், “உங்கள் மகனும் இவ்வேலை பழகியிருக்கிறாரா?” என்று கேட்டுவிட்டோம். அவர் பெட்டி மூடியின் உட்புறத்தில் சந்த் ரவிதாசரின் படம் ஒட்டியிருந்தது. காசியில் செருப்புத் தைத்த அவ்வடியாரின் பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிபிலும் இடம்பெற்றுள்ளன. அப்படத்தைப் பார்த்தவாறே பெரியவர் சொன்னார்: “அவன் கல்லூரியில் படிக்கிறான், பாபு. அவன் கை ராம்பியைத் தொடக்கூடாது என்றுதான் நான் இதைப் பிடித்திருக்கிறேன். உங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. ஊரில் எங்களுக்கு இதுதான் பெயர்.”

நம்மிடம் மறுமொழி இல்லை. நாம் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுத்தராகிவிடுகிறோம். அவர் எத்தனை முறை கழுவினாலும் ஊர் அவரை விடுவதில்லை. நான்கு கூடுகள் தைத்ததனால் அவருடைய வாழ்வை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது பேதைமை. நாம் அறிந்ததெல்லாம், ஒரு நேர்வரிசைத் தையலுக்கு எவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டும் என்பதும், அதனை அறியாமலே 11 ஆண்டுகள் செருப்பைக் காலால் தள்ளினோம் என்பதுமே. இப்போது அவர் பெயர் நமக்குத் தெரியும். காலணியைக் கையால் எடுத்துக் கொடுக்கிறோம். காசை அவர் கையில் தருகிறோம். இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. காலம் கடந்து செய்யும் கடமை இது.

நம் சங்கத்து விழாவில் இவ்வாண்டும் மிருதங்கம் ஒலிக்கும். அதில் பசுவின் தோலும் ஆட்டின் தோலும் இருக்கின்றன. இறுக்கிப் பிடிக்கும் வார் எருமைத் தோல். அதனைப் பதனிட்டு, அறுத்து, இழுத்துக் கட்டிய கைகள் மேடையில் இரா. அழைப்பிதழிலும் அவர்கள் பெயர் இராது. வாசிப்பவருக்குக் கை தட்டும்போது அக்கைகளையும் நினைப்போமாக. மறுநாள் வீதியில் காலணி அறுந்தால், குனிந்து கையால் எடுத்துக் கொடுப்போமாக.