மைக்செட் விற்ற கதை

எங்கள் சேரி மைக்செட்டைப் போன மாசம் வித்தோம். ஆம்ப்ளிபயர் மட்டும்தான் போனது. குழாய் ரெண்டும் நைனா வீட்டுப் பரண்மேல் கிடக்கின்றன. கூம்புக் குழாய்க்குக் கெடுபிடி வந்த பிறகு இரும்புக் கடைக்காரன்கூட எடைக்குத்தான் கேட்கிறான்.

வந்த கதையைச் சொல்லாமல் விற்ற கதையைச் சொல்ல முடியாது. 1991, அம்பேத்கர் நூற்றாண்டு. ஏப்ரல் 14க்கு ஊரில் இருந்த ஒரே மைக்செட்டை வாடகைக்குக் கேட்டுப் போனார்கள். "அன்னிக்கு வேற எடத்துல ஒத்துக்கிட்டேனே" என்றான். அன்றைக்குப் பூரா அந்தச் செட் அவன் திண்ணையில் துணி போர்த்திக் கிடந்ததைக் களையெடுக்கப் போன எங்கள் பெண்கள் போகும்போதும் பார்த்தார்கள், வரும்போதும் பார்த்தார்கள். அடுத்த மாசமே 42 தலைக்கட்டு, தலைக்கு 50 ரூபாய். அந்த 2,100 ரூபாயோடு நைனாவும் சின்னய்யாவும் மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். டிரான்சிஸ்டர் செட்டுக்குக் காசு பத்தவில்லை. யாரோ கழித்துப் போட்ட அகுஜா வால்வு செட் ஒன்று கிடைத்தது. வரி கட்டியவர்கள் பேர் எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. பாதிக்குமேல் கைநாட்டு.

நைனா அதுவரை ஊருக்குத் தமுக்கு அடித்தவர். ஏரி மீன் ஏலம், சாவுச் சேதி, கூழ் ஊற்றுவது எல்லாம் அவர் தொண்டையில்தான் ஊருக்குப் போகும். அடித்துச் சொல்கிற சேதியில் ஒன்றுகூட எங்களுக்கானதில்லை. மெசின் வந்த அன்றைக்குத் தமுக்கை இறக்கி வைத்தார். "இனிமே மைக்குல பேசறவன்டா நானு." தண்டோரா போடுவதை நிறுத்தவேண்டும் என்று தமிழக அரசு சொன்னது 2022 ஆகஸ்டில். நைனா 31 வருசம் முந்திக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? குழாயை ஊர்ப் பக்கம் பார்த்துக் கட்டினோம் என்று தகராறு. ஆடி மாசம் பூராவும் கோயில் குழாய் நாலும் எங்கள் பக்கம் பார்த்தே அலறும், அது பக்தி. அம்பேத்கர் பேச்சு அவர்கள் காதில் விழுந்தால் கலவரம். சமாதானக் கூட்டம் போட்டுக் 'காலனி ஒலிபெருக்கி ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டப்படும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் ஏரி நாரைகளுக்கு வட்டமேசை மாநாட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தப் பெட்டிக்கு மவுசு வந்துவிட்டது. மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதை அப்படியே குழாய்க்கு அனுப்பினால் ஒரு முணுமுணுப்பும் வராது. முதலில் ஒரு சின்ன வால்வு அதைத் தூக்கிவிடவேண்டும், அப்புறம்தான் பெரிய வால்வு வேலை செய்யும். அந்தச் சின்ன வால்வுதான் இசிசி 83. அதற்குள் ரெண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் 50, 60 மடங்கு பெருக்கும். இதற்கு 'முன்பெருக்கி' என்று பேர் இருப்பது எனக்கு எம்.ஏ. தமிழ் படிக்கும்போது கலைச்சொல் அகராதியில்தான் தெரிந்தது. தெருவில் எல்லாமே மெசின்தான். இசைத்தட்டு ஊசி எடுக்கிற மின்சாரமும் அதே மில்லிவோல்ட் கணக்கு. அதனால் வீட்டில் பழைய ரெக்கார்டு கேட்கிற வசதிக்காரர்கள் ப்ரீ ஆம்ப்ளிபயர் கட்ட இந்த வால்வைத் தேடுகிறார்கள். எங்களுடையதில் இருந்த ரெண்டும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தவை. அவர்கள் இதைச் செய்வதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

சென்னையில் ஓர் அடுக்ககத்துக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர், மரியாதையாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். போனிலேயே 9,000 என்று பேசியாயிற்று. மூடியைக் கழற்றிக்கொண்டே, "கோயில் செட்டா தம்பி?" என்றார்.

"இல்லீங்க, சேரி செட்டு."

கை நின்றது. "அப்ப சரியா மெயின்டெயின் பண்ணியிருக்க மாட்டாங்களே. 4,000 தரேன்."

வால்வைப் பார்க்கவே இல்லை அவர். மேசைமேல் சோதிக்கிற கருவி இருந்தது. "அதுல போட்டுப் பாருங்க சார், முள்ளு சொல்றதப் பேசுவோம்" என்றேன். போட்டார். நாலு பாதியும் நல்ல பக்கம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நைனா அதை ஆறவிட்டுத் தன் வேட்டியில் துடைத்து, நெல் மூட்டைகளுக்கு நடுவே வைப்பார். என்னைக்கூட அப்படித் தூக்கினதில்லை. 9,000த்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை நான். மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார். "பொட்டி எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்குங்க" என்றார். வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் எடுத்துக்கொண்டு, 'அம்பேத்கர் தெரு' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய தகரத்தைக் கொடுத்தார்.

தெருக்கூட்டத்தில் நோட்டை விரித்துக் கணக்குச் சொன்னோம். 42 பேரில் 17 பேர் உயிரோடில்லை. பேட்டரியில் ஓடுகிற பெட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம், மீதிக் காசு ராத்திரிப் படிப்புப் பிள்ளைகளுக்கு என்று முடிவானது. பெரியம்மா ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் புருசன் கம்மல வச்சிக் குடுத்த அம்பது ரூவா அது. பிள்ளைங்களுக்குக் குடுங்க, வேணாங்கல. ஆனா அந்தப் பொட்டி எந்தப் பக்கம் பாத்து வைக்கப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்கடா."

நைனா நோட்டை மூடாமலே உட்கார்ந்திருந்தார். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அதைத்தான் பேசினோம்.