சுதந்திரம் வரட்டும், பிறகு கல்யாணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் காதலைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கோதையிடம்தான் போய் நிற்கும். துளசிச் செடியடியில் கிடைத்த பிள்ளை. நந்தவனம் வைத்துப் பூக்கட்டிய பெரியாழ்வாரின் வளர்ப்பு மகள். அரங்கனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று காத்திருந்து சேர்ந்தவள். ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்க ராஜபாளையம், சேத்தூர் பக்கமிருந்தெல்லாம் சனம் வரும்.

இந்த இரண்டு ஊர்களும் முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்துச் செங்கப்படையில் 1914-ல் பிறந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் காத்திருந்து சேர்ந்தவர்தான். அவர் கதைக்குத் தேரோட்டம் கிடையாது. ஆனால் நிலம் வைத்திருப்பவர்களும் இல்லாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. 1930-ல் காந்தி கூப்பிட்டார் என்று கல்லூரியை விட்டார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கி மூன்றரை வருஷம் சிறையில் கிடந்தார்.

கிருஷ்ணம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். 1926-ல் பட்டிவீரன்பட்டிப் பக்கத்தில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். நிறைமாத வயிற்றோடு அம்மா நாகம்மாள் கூலி வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தார். அந்தக் காட்சிதான் கடைசி வரை அவரை விரட்டியது. அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அந்த நிலையிலும் மதுரைக்கு வந்து பட்டப்படிப்பு முடித்தார் என்றால், அதற்குக் கை கொடுத்தவர் டாக்டர் சௌந்தரம்.

சௌந்தரத்தின் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே கல்யாணம், இளம் வயதிலேயே விதவை. அதன் பிறகு டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். அங்கேதான் காந்தியின் சீடர் ஜி. ராமச்சந்திரனோடு பழக்கம் ஏற்பட்டது. விதவை மறுமணம், அதுவும் வேறு சாதி, வேறு மொழி. வீட்டில் ஒப்புவார்களா? விஷயம் காந்தியிடம் போனது. ஒரு வருஷம் இருவரும் பார்த்துக்கொள்ளக் கூடாது, கடிதமும் போடக் கூடாது, அதற்குப் பிறகும் மனசு மாறாவிட்டால் கட்டிக்கொள்ளலாம் என்றார் அவர். மனசு மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தி முன்னிலையிலேயே கல்யாணம் நடந்தது. ஏழு வருஷம் கழித்துச் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தக் கட்டளையைக் கேட்டால் கொஞ்சம் கொடுமையாகத்தான் தெரிகிறது.

அந்தச் சௌந்தரத்தின் நிழலில் வளர்ந்த பெண்ணுக்குக் காத்திருப்பது புதிதில்லை. காந்தி வழியில் நடந்த ஆசிரம வட்டத்தில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அறிமுகமானார்கள். இருவருக்கும் பிடித்துப்போனது. ஆனால் கல்யாணம் சுதந்திர இந்தியாவில்தான் என்று முடிவெடுத்தார்கள். நாடு விடுதலை அடைந்தது 1947-ல்; இவர்கள் கல்யாணம் நடந்தது 1950 ஜூலையில். அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர் அவர். இருப்பதைக் கொடுப்பதுதான் பெருமை என்று நினைத்த ஆட்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள்.

கல்யாணமான சூட்டோடு மறுபடியும் பிரிவு. வினோபா பாவே வடக்கே நடந்துகொண்டிருந்தார். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒருவர் 100 ஏக்கர் கொடுக்க, அங்கிருந்து பூதான இயக்கம் பிறந்தது. ஆறில் ஒரு பங்கு நிலத்தை நிலமில்லாதவனுக்குக் கொடு என்று ஊர் ஊராகக் கேட்டுப் போகிற நடை. ஜெகந்நாதன் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சி படித்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இங்கே பூதானத்தைத் தொடங்கியபோதுதான் இருவரும் ஒன்றுசேர்ந்தார்கள். சேர்ந்தது ஒரு வீட்டுக்குள் இல்லை, நடைபயணத்தில்.

பூதானத்தில் பல மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கர் கை மாறியது உண்மை. கொடுத்ததில் கல்லும் முள்ளும் நிறைய இருந்ததும் உண்மை. ஆளுக்கு நிலம் என்று மேடையில் சொல்லியாயிற்று, பட்டா மட்டும் பழைய பெயரிலேயே நின்றது என்ற கதைகளும் உண்டு. மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத ஏக்கரும் தண்ணீர் வருகிற ஏக்கரும் ஒன்றாகுமா?

இருவரையும் உண்மையான ஆபத்துக்குள் இழுத்துப்போட்டது 1968 டிசம்பர் 25. தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டக் கீழவெண்மணியில், கூலித் தகராறில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பக்கம் போகவே வெளியாட்கள் பயந்த நேரம் அது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அங்கேயே போய்த் தங்கி வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள். கொடு என்று கேட்பது போதாது என்பது அங்கேதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கோயில், அறக்கட்டளை நிலங்களைப் பெரியவர்கள் அனுபவிப்பதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம். கைது, ஜெயில். சில நேரம் இருவரும் சேர்ந்து உள்ளே, சில நேரம் ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே. பீகாரில் புத்தகயா மடத்து நிலப் போராட்டத்திலும் இருந்தார்கள்.

1981-ல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இதன் வழி வேறு. நிலத்தை விற்க மனமுள்ள மிராசுதாரரையும் உழைக்கிற கூலிக் குடும்பத்தையும் எதிரெதிரே உட்காரவைப்பது. நியாய விலை பேசுவது. கடன் வாங்கிக் கொடுப்பது. சேர்ந்து பயிர் செய்து கடனை அடைக்க வைப்பது. கேட்க எளிது. வங்கிகள் கடன் தரத் தயங்கின. பத்திரம் பதியப் போனால் முத்திரைத்தாள் செலவு கழுத்தை நெரித்தது. கூலிக்காரர் ஒரு ஏக்கர் வாங்குவதில் விலையைவிட இந்தச் செலவுதான் பெரிய மலை. அதையெல்லாம் அலைந்து, மனுக் கொடுத்து, உட்கார்ந்து சரிசெய்தவர் கிருஷ்ணம்மாள். 2007 வரை ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதுவும் பெண் பெயரில். ஆண் பெயரில் இருந்தால் ஒரு குடிக்கடனில் போய்விடும் என்பது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் தெரியும்.

இன்றைக்கு அரசே அந்த வழிக்கு வந்திருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோவின் 'நன்னிலம்' திட்டத்தில் மதிப்பில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்து வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் களையெடுக்கவும் நாற்று நடவும் போகிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

தொண்ணூறுகளில் இன்னொரு சண்டை வந்தது. கடலோர நெல் வயல்களை வாங்கி இறால் பண்ணை போட்டார்கள். உப்புத் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் இறங்கியது, குடிதண்ணீர் கெட்டது, கூலி வேலையும் போனது. நிலம் வாங்கிக் கொடுத்துவிட்டு அது உப்பாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எண்பது வயதில் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த அந்த மாதிரிப் பண்ணைகளை இடிக்க வேண்டும் என்றது. விவசாய நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றும் சொன்னது. அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

2008-ல் சுவீடனின் 'வாழ்வுரிமை விருது' இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. மாற்று நோபல் என்று சொல்வார்களே, அதுதான். 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் காலமானார். இந்த முறை பிரிவுக்குப் பின் சேர்தல் இல்லை. கிருஷ்ணம்மாளுக்கு அப்போது வயது எண்பத்தாறு. கூரைக் குடிசைகளில் இருப்பவர்களுக்குச் செங்கல் வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். 2020-ல் பத்மபூஷண் அறிவித்தபோதும் அவர் பேச்சு வீடு இல்லாத குடும்பங்களைப் பற்றித்தான்.