காம்புப் பக்கம் ஒரு சீவல்

பாகற்காயின் கசப்பை எடுக்க எங்கள் வீட்டில் பல பக்குவங்கள் உண்டு. வில்லையாக நறுக்கி, உப்புப் பிசறி வைத்துப் பிழிவார்கள். புளித்தண்ணீரில் வேகவைப்பார்கள். இறக்கும்போது துளி வெல்லம் போடுவார்கள். சுரைக்காய் கசந்தால் மட்டும் எந்தப் பக்குவமும் கிடையாது. அம்மா காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் முழுக்காயும் குப்பைக்குத்தான். மாட்டுக்குக்கூடப் போட விடமாட்டார். ஒரு காய்க்கு அத்தனை உபசாரம், இன்னொன்றுக்கு இத்தனை கறார். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பாகற்காய் சங்கதி சீக்கிரமே பிடிபட்டது. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. கசப்பில் கொஞ்சம் அந்த நீரோடு போய்விடும். மீதி வேலை நாக்கில் நடக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்ப்பும் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். கசக்கும் யூரியாவும் சர்க்கரையும் கலந்த கரைசலில் சோடிய உப்பு ஒன்றைச் சேர்த்ததும் கசப்பு அமுங்கி, இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. பாகற்காய்ப் பிட்லையில் போடும் துளி வெல்லம் எடுபடுவதற்கு உப்பும் துணை என்று அப்போதுதான் விளங்கியது.

சுரைக்காய்க்கு விடை தோட்டத்தில் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் சுரை போடும் பெரியவர் ஒருவர், "ஒரு காய் கசந்தாலும் அந்தக் கொடியையே பிடுங்கிருவோம். அதுல விதை எடுக்கவே மாட்டோம்" என்றார். காட்டில் தானாக முளைக்கும் கசப்புச் சுரையைப் பேய்ச்சுரை என்றே ஊரில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பூச்சியும் விலங்கும் அண்டாமலிருக்க சுரை, வெள்ளரி, பீர்க்கு, சுக்கினி எல்லாம் அடங்கிய குடும்பத்துக் கொடிகள் குக்கர்பிட்டாசின் என்ற நச்சைச் சுரக்கின்றன. இமயமலை அடிவாரத்துக் காட்டு வெள்ளரி வாயில் வைக்க முடியாத கசப்பு. அது சாப்பிடும் வெள்ளரியாக மாறியபோது, பழத்தில் கசப்பைக் கூட்டும் மரபணு அடங்கிப்போனதைச் சீன விஞ்ஞானிகள் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் விவரித்தார்கள். கசந்த கொடியில் விதை எடுக்காத எத்தனையோ தலைமுறைகளின் கைவேலை அது. ஆனாலும் காட்டுக்கொடியின் மகரந்தம் கலந்தாலோ, செடி தண்ணீரின்றி வாடினாலோ கசப்பு திரும்பி வரலாம்.

வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது. 2015-இல் ஜெர்மனியில் ஒரு முதியவர், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். நம் நாட்டிலும் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்தார்கள். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று: சாறு பிழியும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் குடிக்காதீர்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள்.

கசக்கும் பீர்க்கங்காயை உப்பில் ஊறவைத்துச் சமைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இப்போது எனக்குப் பதறுகிறது. உப்பும் வெல்லமும் கசப்பை நாக்குக்குத் தெரியாமல் செய்யும். காய்க்குள் மிஞ்சிய நச்சு குழம்போடு வயிற்றுக்குத்தான் போகும்.