ஐந்தாவது மூவ்

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் என் மொட்டைமாடி வகுப்பில் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக வந்தான் அந்த ஏழு வயதுப் பையன். குதிரை எப்படிப் போகும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய அப்பா கேட்டார்: "டோர்னமென்ட் எப்போ சார்?"

அவருக்காகத்தான் அந்த நாலு மூவ் மேட்டைச் சொல்லிக்கொடுத்தேன். எதிராளி ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் இருக்கும். ராஜாவைத் தவிர அதற்கு வேறு காவல் கிடையாது. ராணியையும் பிஷப்பையும் அதன்மீது குறிவைத்தால் கவனிக்காத குழந்தை தோற்றுவிடும். முதல் போட்டியில் மூன்று ஆட்டம் ஜெயித்தான். அப்பா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த போட்டியில் எதிரே உட்கார்ந்த எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டினார்கள். அன்று ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அழவும் இல்லை. என்னிடம் வந்து கேட்டான்: "சார், நாலுல முடியலேன்னா அஞ்சாவது மூவ் என்ன சார்?"

நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பலகையைக் காலி செய்துவிட்டு இரண்டு ராஜா, ஒரே ஒரு சிப்பாய் மட்டும் வைக்கிறேன். கடைசியிலிருந்து தொடங்கச் சொன்னவர் காபபிளாங்கா. நான்தான் தாமதமாகக் கேட்டேன். நடுவில் ஒரு கட்டம் விட்டு ராஜாக்கள் நேருக்கு நேர் நின்றால், யார் நகர வேண்டிய முறையோ அவர் வழிவிட்டாக வேண்டும். செஸ்ஸில் 'நான் இந்தத் தடவை சும்மா இருக்கேன்' என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு இது முதலில் அநியாயமாகத் தெரியும். அரைமணி நேரம் கழித்து அவர்களே அடுத்தவரை அந்த இடத்தில் மாட்டவைத்துச் சிரிப்பார்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் ஜெயித்த பதினான்காவது ஆட்டமும் அங்கேதான் முடிந்தது. டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள வந்தார். பிறகு பிஷப்பும் போயிற்று. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. அதைப் பலகையில் வைத்துக் காட்டியபோது ஒரு சிறுமி, "நம்ம ஆட்டம் சார்!" என்று கத்தினாள்.

போன மாதம் இரண்டு பேர் வேறு வகுப்புக்கு மாறிவிட்டார்கள். மூன்று மாதமாகியும் போட்டிக்கு அனுப்பவில்லை என்று கோபம். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

சமீபத்தில் அந்தப் பையனை மளிகைக் கடையில் பார்த்தேன். வளர்ந்திருந்தான். "செஸ் ஆடுறியாடா?" என்றேன்.

"இல்ல சார். அது எனக்கு வராது."

அப்பா பில் போட நின்றிருந்தார். ஐந்தாவது மூவ் என்னவென்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். ராணியைப் பத்திரமாகப் பின்னால் எடுத்துவிட்டு, மற்ற காய்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.