ஒன்றுக்கு எண்பத்தேழு

ராயகிரியில் ரயில் நிலையம் கிடையாது. வண்டி பிடிக்க சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ போகவேண்டும். அந்த ஊரில், முன்பு மோட்டார் காயில் கட்டும் கடையாக இருந்த ஓர் அறையில், செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் பயணிகள் வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. இடுப்புயரப் பலகையின் மேல், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஊரே அண்ணாச்சி என்கிறது. நானும் அப்படியே அழைத்தேன். நகைவேலை தெரிந்த அவர் மைத்துனர் இந்த மாதிரி ரயிலின் பித்தளை வேலையைப் பார்க்கிறார். பொறியியல் படித்த மகள் கணினியில் வரைபடம் போட்டுத் தருகிறார்.

மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்னும் அளவு. அசலில் 87 மி.மீ. இருந்தால் மாதிரியில் 1 மி.மீ. கடைகளில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீட்டருக்கு மேல் வரும். ஆகவே நம் அகலப்பாதை வண்டியை அதில் ஏற்றினால், பெட்டி அகன்றும் பாதை ஒடுங்கியும் தெரியும். மீட்டர்கேஜுக்கு இந்தக் குறை அநேகமாக இல்லை. ஸ்விட்சர்லாந்தின் மலை ரயில்களில் பலவும் மீட்டர்கேஜ் என்பதால், அவற்றின் மாதிரிகளுக்காக 12 மி.மீ. தண்டவாளம் தயாராகிறது. நம்மூர் வண்டி அதில் கச்சிதமாக உட்காருகிறது.

நான் போனபோது அண்ணாச்சி ஜன்னல் கம்பி வைத்துக்கொண்டிருந்தார். மின்வயரின் தோலை உரித்து, உள்ளிருந்த செம்பு இழைகளில் ஒன்றைப் பிரித்தார். 0.2 மி.மீ. தடிமன். இரு முனைகளையும் குறடுகளால் பிடித்து மெல்ல இழுத்ததும் இழை விறைத்து நேரானது. ஜன்னல் சட்டத்தின் பின்பக்கம் கீறியிருந்த பள்ளத்தில் அதைப் படுக்கவைத்து, ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டினார். அடுத்த கம்பி. அதற்கடுத்த கம்பி.

“ஒரு கம்பி சாஞ்சாலும் பெட்டியே சாஞ்ச மாதிரி இருக்கும் தம்பி. பாத்தியளா, கண்ணு முதல்ல அங்கதான் போகும்” என்றார்.

வண்டி ஓட்டுவது தனி வித்தை. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக எஞ்சின் மோட்டாருக்கு ஏறுகிறது. தண்டவாளத்தில் பிசுக்கு படிந்தால் எஞ்சின் விக்கி நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார். வேகமும் அளவுக்கு உட்பட்டதே. அசல் வண்டி மணிக்கு 30 கி.மீ. போகிறது என்றால், மாதிரி விநாடிக்குச் சுமார் 10 செ.மீ.தான் நகரலாம்.

மலையேற்றத்தில் அந்த வண்டியை முன்னால் ஒரு டீசல் எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளியது. அண்ணாச்சியும் இரண்டு எஞ்சின் மாட்டியிருக்கிறார். பின் எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றினாலும் நடுப்பெட்டிகள் வளைவில் தடம்புரண்டுவிடும். இரு மோட்டார்களையும் ஒரே சீராகச் சுற்றவைத்ததில், ஆயுள் முழுக்கக் காயில் கட்டிய அவர் கைத்தொழில் தெரிகிறது.

மலையைக் கடக்கும் செங்கோட்டை–புனலூர்ப் பாதை ஏறக்குறைய 49 கி.மீ. 87இல் ஒரு பங்கு என்றாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அறைக்குள் அது அடங்காது. பகவதிபுரம் நிலையம், மலைக்குகை, கழுதுருட்டிப் பாலம் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பாலத்தின் பதின்மூன்று கண்களில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

அந்த மலைப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகச் செல்லும் விருதுநகர்–தென்காசிப் பாதை 1927இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக மலைப்பாதையில் 2010இல் வண்டி நின்றது. 2018இல் மறுபடி ஓடியது. அகலப்பாதையானதால் சென்னைக்கு வண்டி மாறாமல் போக முடிகிறது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இன்று தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயிலைத் தவிர மீட்டர்கேஜில் பயணிகள் வண்டி ஏதும் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க, தென்காசி வழியில் ஒரு பெட்டி வந்து நிற்காது.

சுங்க அட்டவணை இந்த மாதிரிகளைப் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. ஆனால் ஜன்னலுக்கு எத்தனை கம்பி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சரிபார்த்துச் செய்த பெட்டி விளையாட்டுச் சாமான் அல்ல, ஆவணம். புனே கோத்ரூடில் ஜோஷி குடும்பத்தினர் 1998இல் தொடங்கிய சிறு ரயில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் டிக்கெட் எடுத்து வண்டி ஓடுவதைப் பார்க்கிறார்கள். மலை ரயிலின் வாசலான செங்கோட்டையிலும் அப்படி ஓர் இடம் அமையவேண்டும்.

அதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கம் ரயில்வேயில் வேலைபார்த்தவர்கள் வீட்டில் பழைய புகைப்படமோ பெட்டி வரைபடமோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். கேட்டு வருபவருக்குக் காட்டுங்கள். அண்ணாச்சி போன்றவர்கள் அடுத்த பெட்டியைச் செய்வதற்கு அந்த அளவுகள்தான் வேண்டும்.